நல்ல தண்ணீர் கேட்கும் வெயில்

வெயில் இலவசம் என்றான்
தகடு மாட்ட வந்த காளீஸ்வரன்.
வாலிநோக்கத்தில் நின்றுகொண்டு
அதை ஒருத்தன் சொல்லவேண்டுமா?
ரோட்டைத் தாண்டினால் உப்பளம்.
கடலையே காய்ச்சி வெள்ளையாக்குகிற வெயில்,
கூலி கேட்டதில்லை.

மானியம் போக மீதிக்குக்
காதில் கிடந்ததைக் கழற்றினேன்.
மாடியில் தெற்கே பார்த்து
ஆறு தகடுகள் சாய்ந்து படுத்தன.

முதல் வழக்கு நெத்திலியோடு.
அது நெத்திலியின் இடம்.
இரண்டு வெயிலில் சருகாகிச்
சந்தைக்குப் போகும்.
இப்போது அங்கே தகட்டு நிழல்,
நிழலில் கிடந்த மீன் காயாது, நாறும்.
பக்கத்து வீட்டுப் பாத்துமுத்து
தன் மாடியில் பாதி கொடுத்தாள்.
வாடகையாக
நாலில் ஒரு பங்கு கருவாடு எடுத்துக்கொண்டாள்.

அடுத்தது உப்பு.
கச்சான் வீசினால்
கடல் பொடியாகி மாடி ஏறிவிடும்.
தகட்டில் விரலை இழுத்து
நாக்கில் வைத்தால் குழம்புக்குக் காணும்.
அலம்பாவிட்டால் யூனிட் குறையும்,
அடிபம்புத் தண்ணீரில் அலம்பினால்
உப்பின்மேல் உப்பு.
நல்ல தண்ணீர்தான் வேண்டும்.
லாரி வருகிற நாளில்
குடம் பன்னிரண்டு ரூபாய்.
உலைக்கும் குடிக்கவும் நாலு குடம்,
வெயிலுக்கு ஒரு குடம்.
காளீஸ்வரன் இதைச் சொல்லவில்லை.

ஆனாலும் அந்த மீட்டர்!
அதில் இரண்டு வரி:
வாங்கியது, கொடுத்தது.
வட்டிக்கடை அட்டை, நகைக்கடன் ரசீது,
எதிலும் என் பெயருக்கு நேரே
கொடுத்தது என்று ஒரு வரியை
நான் பார்த்ததே இல்லை.
நூற்றுப் பதினெட்டு யூனிட்.
வாரியத்துக்கு. நான்.
வலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம்
இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

கார்த்திகையில் புயல்.
ராவெல்லாம் ஊர்த் தகரங்கள் பறந்தன,
தகடு அசையவில்லை.
விடிந்தால்
ஒன்றுமே நடக்காத முகத்தோடு வெயில்.
தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.
எனக்கென்ன என்று சுவிட்சைத் தட்டினேன்.
விசிறி சும்மா இருந்தது.
சுவரில் மாட்டிய பெட்டியில்
பச்சை போய்ச் சிவப்பு.

போனில் பதினொரு சதவீதம் இருந்தது.
அதில் நாலு சதவீதத்துக்குக்
காளீஸ்வரனைத் திட்டினேன்.
"லைன் செத்தா பெட்டியும் வாய மூடிரும்க்கா.
மூடலேன்னா,
நீங்க அனுப்புற கரண்ட்
கம்பத்துல ஏறுனவன் கையில போயி நிக்கும்.
பேட்டரி வச்சிருந்தா வேற கத."

சூரியன் வீட்டிலும் கும்மிருட்டா என்று
சிரித்தாள் பாத்துமுத்து.
மூன்றாம் நாள்,
புயலுக்குப் பிந்திய முதல் வலை
நெத்திலியோடு வந்தது.
சும்மாதானே கிடக்கு என்று
ஆறு தகட்டிலும் பரப்பிவிட்டாள்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
கோபம் எனக்கும் இருந்தது.

அன்றைக்குத்தான் கம்பத்தில் ஆள்.
கமுதிப் பக்கமிருந்து வந்தவன்,
பெயர் கருமலையான்.
அவன் கம்பத்தில், நான் மாடியில்,
ஏறக்குறைய ஒரே உயரம்.
நடுவில்
முழு வெயிலையும் குடித்துவிட்டு
மீனுக்கடியில் மூச்சுவிடாமல் தகடுகள்.
அவன் கை கம்பியில் பட்டது.
ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தேன்.
சிவப்பு.
மாடிக்கு ஏறி அவனைப் பார்த்தேன்.
மறுபடி இறங்கிப் பார்த்தேன்.
சிவப்புதான்.

இறங்கி வந்து தண்ணீர் கேட்டான்.
தகட்டுக்கென்று மூடிவைத்த குடம்தான் இருந்தது.
வயிறு முட்டக் குடித்தான்.
மிச்சத்தில் கழுத்து, முகமெல்லாம் கழுவிவிட்டு,
"நல்ல தண்ணியா? சொல்லியிருக்கக் கூடாதா தாயி" என்று
காலிக் குடத்தைப் பார்த்தபடி நின்றான்.

நாலரைக்கு லைன் வந்தது.
ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டுப்
பெட்டி பச்சையாகக் கண் திறந்தது.
மேலே பாத்துமுத்து கத்துகிறாள்:
"அள்ளவா,
இன்னொரு வெயிலுக்கு விடவா?"